வெள்ளைக் கோட்டு யாருக்கு

மாத்துறதா இருந்தா இப்பவே மாத்திடுங்கண்ணே, உங்க ஆட்டம் ஆரம்பிச்சப்புறம் போர்டுல கைவைக்க விடமாட்டேன்னு பிரிட்டோ சொல்லிட்டுப் போறான், அந்த விடமாட்டேன்ல வர்ற 'மா'வை மூக்கு வரைக்கும் ஏத்தி அங்கருந்து தொப்புனு கீழ போடறான், சளி பிடிச்சவன் சத்தியம் பண்ற மாதிரி, நான் உதட்டை அசைக்காம உள்ளுக்குள்ளயே ஒரு தடவை போட்டுப் பாக்கறேன், விடமாஆட்டேன், வந்துடுச்சு, இந்தக் குரல்ல போன் பண்ணினா அவன் பொண்டாட்டியே ஏமாந்து வரும்போது மீன் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லும், சரி, அதுக்கா வந்தோம், மாத்துறதா வேண்டாமா, அதைச் சொல்லு மொதல்ல. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, ஜாக்கெட் பிட் கடைக்கு மேல ரெண்டாவது மாடி, பிரிட்டோவோட கேம் சென்டர், ஞாயித்துக்கெழமை பதினொன்றரை மணி. எட்டுப் பேர்ல ஆரம்பிச்சு நாலு பேர் மிச்சம், பெரிய டிவி முன்னால ஒரே காலேஜ்ல வேலை பாக்கற ரெண்டு வாத்தியாருங்க ஒருத்தரை ஒருத்தர் சார் சார்னு கூப்புட்டுக்கிட்டே வீடியோ கேம்ல உதைச்சுக்கறாங்க, அது முடிஞ்சா நானும் ஜெசிந்தாவும். சுவத்துல வெள்ளைப் போர்டு. ஜெசிந்தா, அதுக்கு நேரா சர்வர். அதுக்குக் கீழ சுந்தரவதனம், நான்தான், அதுக்கு நேரா சர்வர். ரெண்டு சர்வர். இந்த கேம்ல பதினெட்டுப் பேரு இருக்காங்க, எல்லாரும் ஒரு துறைமுக ஊர்ல வேலை பாக்கறவங்க, வெல்டர், போஸ்ட்மேன், பூட்டு ரிப்பேர்காரன், டெய்லரம்மா, அதுல ஒருத்தன்தான் நம்ம ஆளு, நரைச்ச மீசை, வெள்ளைக் கோட்டு, கையில வெள்ளித் தட்டு, வாயில நுழையாத பேரு ஒண்ணு போட்டிருப்பான், இங்க அவன் சர்வர். ஒரே ஆளை ரெண்டு பேர் எடுத்தா போர்டுல மேல இருக்கறவங்களுக்கு ஒரிஜினல் டிரஸ்ஸு, கீழ இருக்கறவங்களுக்கு மாத்து டிரஸ்ஸு, அது பிரிட்டோ சட்டம், மேல கீழங்கறது போன வாரம் யாரு எந்த எடத்துல முடிச்சாங்கங்கறதை வச்சு. அப்ப வெள்ளைக் கோட்டு அவளுக்கு. எனக்கு காப்பிப்பொடி கலர். ஆறு வருஷமா நான் மட்டும் தொட்டுக்கிட்டிருந்த என் சர்வருக்கு இன்னிக்கு நான் டூப்பு. பாரு, முழங்கால் மேல வெரலு தாளம் போடுது, டக் டக், டக், நிறுத்துடான்னா நிறுத்தமாட்டேங்குது, காலையில சாப்புடாம வந்தது, நடுக்கமாத்தான் இருக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால சர்வரை யாரும் தொடமாட்டாங்க. மெதுவா நடப்பான், குதிச்சா தரையில வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு அடி வாங்கிடுவான், அவன்கிட்ட இருக்கற ஒரே சாமர்த்தியம் தட்டு. எதிராளி அடி வந்து விழற அந்தத் துளி நேரத்துல தட்டைத் தூக்கினா அடி அப்படியே திரும்பி அடிச்சவன் மேலயே போகும், ஒரு துளி முந்தினா மூஞ்சி, ஒரு துளி பிந்தினாலும் மூஞ்சி. மத்தவங்களுக்கு அது கண்ணுல பாத்துக் கையில பண்ற வேலை. எனக்கு இல்ல. இருபத்திரண்டு வருஷமா மேடையில மிமிக்ரி பண்றவனுக்கு ஜோக்கு சொன்னதும் சிரிப்பு எப்ப வரும்னு தெரியும், சொல்லி முடிச்சு ஒரு மூச்சு, அந்த ஒரு மூச்சுல கூட்டத்துக்கே வயிறு உள்ள போகும், அது வெளிய வர்ற எடத்துல அடுத்த வார்த்தையை வைக்கணும். அடிக்கறவனும் அப்படித்தான், அடிக்கறதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்பான், திரையில இருக்கறவன் இழுக்கமாட்டான், பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கறவன் இழுப்பான், அதைக் காதுல வாங்கினேன்னா தட்டைத் தூக்கிடுவேன். சர்வர் அண்ணேன்னு பேரே வந்துச்சு. மாடிப்படி ஏறும்போதே சர்வர் அண்ணே வந்தாச்சு, இலையைப் போடுங்கடான்னு அன்சாரி கத்துவான், அன்சாரி கீழ மொபைல் கடை வச்சிருக்கான், ஞாயித்துக்கெழமை மட்டும் மேல வந்து மைக் இல்லாத கமென்ட்ரி. வெளிய எனக்குப் பேரு கிடையாது, அதான் விஷயம், நான் பேசறது எல்லாம் இன்னொருத்தன் பேரு, மந்திரி பேரு, ரயில்வே அனவுன்ஸ்மென்ட் அம்மா பேரு, கைதட்டுகூட அவங்களுக்குத்தான் விழும், எனக்குன்னு விழுந்தது இந்த ரெண்டாவது மாடியில, இந்தத் தட்டுக்காரனுக்குத்தான். அப்புறம் ஜெசிந்தா வந்தா. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்ல ஃபிட்டரு, முப்பது வயசு இருக்கும், நகத்துல எப்பவும் ஒரு கோடு கிரீஸு, டெய்லரம்மாவை எடுத்து ஆடினா, அந்த டெய்லரம்மா இஞ்சி டேப்பை வீசித் தூரத்துலருந்தே காலைப் பிடிச்சு இழுக்கற ஆளு. பதினோரு வாரம் தொடர்ந்து என்கிட்ட தோத்தா. பன்னண்டாவது வாரம் வந்து போர்டுல எழுதினா, சர்வர். நான் சிரிச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு, பெரிய மனுஷன் சிரிப்பு ஒண்ணு வச்சிருக்கேன், அதைச் சிரிச்சேன். அன்னிக்கு என்னைத் தோக்கடிச்சா. நாலு மாசம் ஆச்சு, நான் இன்னும் அந்தச் சிரிப்பை முழுங்கிக்கிட்டிருக்கேன். போன வாரத்துக்கு முந்தின வாரம் படி ஏறிக்கிட்டிருக்கேன், மேல அன்சாரி குரலு, சர்வர் வந்தாச்சு, இலையைப் போடுங்கடா. நான் மூஞ்சியைச் சரி பண்ணிக்கிட்டு, கையைக்கூடக் கொஞ்சம் தூக்கிட்டேன், உள்ள நுழையறேன், யாரும் என்னைப் பாக்கல. அவ எனக்கு முன்னாலயே ஏறிப் போயிருக்கா. தூக்கின கையை என்ன பண்றதுன்னு தெரியாம சுவத்துல இருந்த ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்துச்சு, நின்னுபோச்சு. யாருய்யா ஃபேனை நிறுத்தினதுன்னு ஒருத்தன் கேட்டான், அப்பத்தான் நான் வந்ததே தெரிஞ்சுது.

சரி, மாத்தினா யாருக்கு மாத்துறது. வெல்டர், அவனுக்குக் கண்ணு வேணும், பொறி பறக்கும், பாத்துப் பாத்துத் தப்பிக்கணும், எனக்கு நாப்பத்தேழு வயசு, கண்ணு பாத்து மூளைக்குச் சொல்லி மூளை கைக்குச் சொல்றதுக்குள்ள வெல்டர் கும்பிடு போட்டுடுவான். போஸ்ட்மேன், சைக்கிளை வச்சே அடிப்பான், அசிங்கமா இருக்கும், அவனை எடுத்து ஜெயிச்சவங்களை யாரும் மதிக்கறதில்ல. பூட்டுக்காரன், அவனை நான் எடுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும், ஓடிட்டான்யா வதனம், பொம்பளப் புள்ள சர்வரைப் பிடுங்கினதும் ஓடிட்டான்னு. மாத்தலன்னா காப்பிப்பொடிக் கோட்டு. அதைப் போட்டுக்கிட்டு எதுத்தாப்புல வெள்ளைக் கோட்டைப் பாத்துக்கிட்டு நின்னா எது அசல்னு எனக்கே சந்தேகம் வந்துடும். மிமிக்ரிகாரன் பொறாமைப்படலாமாடா, ஊர்ல இருக்கறவன் குரலையெல்லாம் கேக்காம எடுத்துப் போட்டுக்கறவன், உன்னோடதை ஒருத்தி எடுத்தா மட்டும் வலிக்குதா. வலிக்குது. வேற மாதிரி வலிக்குது. நான் ஒருத்தனைப் பண்ணினா அவனைவிடக் கொஞ்சம் மட்டமாப் பண்ணுவேன், அதான் மரியாதை, அசலுக்கு ஒரு படி கீழ நின்னுதான் சிரிப்பு வாங்குவோம். இவ என்னைப் பண்றா, என்னைவிட நல்லாப் பண்றா. நான் மூச்சைக் கேட்டுத் தூக்கற தட்டை இவ கண்ணுல பாத்தே தூக்கறா, கேட்டும் தூக்கறா, பத்துக்கு எனக்கு ஏழு விழும்னா இவளுக்கு ஒம்போது. ஆறு வருஷமா நான் சாமர்த்தியம்னு நெனச்சது சாமர்த்தியமே இல்லயோ, கை ஸ்லோவா இருக்கறதை மறைக்கக் கண்டுபிடிச்ச குறுக்கு வழியோ, இதான் பயம், அதனால வேற யோசிக்கறேன், டீயைப் பாக்கறேன், டீ மேல ஆடை கட்டிடுச்சு. வீட்ல என் பொண்டாட்டி பூங்கொடி கேட்டா, நாலு நாள் முன்னால, தட்டுல சாம்பார் ஊத்திக்கிட்டே, இன்னிக்கு யாரு இதுன்னு. அவ எப்பவும் அப்படித்தான் கேப்பா, நான் என்னையறியாம யாரையாவது பண்ணிக்கிட்டிருப்பேன், அவ கண்டுபிடிச்சுடுவா, கீழ்வீட்டு ரிட்டயர்டு போலீசா, பால்காரரான்னு. இடது தோளைத் தூக்கி வச்சிருக்கீங்க, கீழ் உதட்டைக் கடிச்சுக்கிட்டிருக்கீங்க, சுண்டுவிரல் மட்டும் தனியா நிக்குது, எனக்குத் தெரிஞ்ச ஆள் இல்லயே, யாருங்க இது. யாருமில்லன்னேன். அப்பளம் எடுன்னேன். யாருன்னு எனக்குத் தெரியும்.

இன்னிக்குக் காலையில அவ மொத ஆட்டம் ஆடும்போது பின்னால நின்னு பாத்தேன். தட்டு, திருப்பி அடி, எதிராளி தள்ளாடறான், அந்த எடத்துல சர்வர் பின்னால ஒரு அடி வச்சான். நாலு மாசமா அவளையே பாத்தவன் திரையில இதை இன்னிக்குத்தான் பாத்தேன். அது என் அடி. அது ஆட்டத்துல இருக்கற வித்தையே இல்ல. ரொம்ப வருஷத்துக்கு முன்னால துறையூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில ஜோக்கு சொல்லிட்டு நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன், மைக்கு கூஊன்னு கத்தி மொத்தச் சிரிப்பையும் கொன்னுபோட்டுச்சு, அன்னிலருந்து ஜோக்கு சொன்ன ஒடனே மைக்கை விட்டு அரை அடி பின்னால போயிடுவேன், கால் தானாப் போகும். அந்தக் கால் எப்படியோ வெரலுக்கு வந்துடுச்சு. தட்டு விழுந்துச்சுன்னா எனக்கு அது ஜோக்கு விழுந்த மாதிரி, வெரலு பின்னால ஒரு தட்டு தட்டிடும், சர்வர் ஒரு அடி பின்னால போய்க் கையைத் தொங்கப்போட்டு நிப்பான். வேஸ்ட்டு. அந்த நேரத்துல முன்னால போய் அடிச்சா எதிராளிக்குப் பாதி உசுரு போகும், அன்சாரி மொத வருஷமே சொன்னான், ஏண்ணே பின்னால போறீங்கன்னு, மரியாதைடான்னேன், சர்வர்னா அப்படித்தான் குனிஞ்சு ஒதுங்கி நிப்பான்னேன். அந்தப் பிரயோஜனமில்லாத அடியை இவ அப்படியே எடுத்து வச்சிருக்கா. மொதல்ல குளுகுளுன்னு இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது, சந்தோஷமா இருந்துச்சு, ஊருக்கே காட்டணும் போல இருந்துச்சு, பாருங்கடா என் முத்திரை, என் முட்டாள்தனம், என் கையெழுத்து. அப்பத்தான் அன்சாரி அவன் மைக் இல்லாத குரல்ல சொல்றான், பாத்தீங்களா பாத்தீங்களா, அதான் ஜெசிந்தா ஸ்டெப்பு. ஜெசிந்தா ஸ்டெப்பு. என் துறையூரு, என் கூஊ, என் கால். அவளுக்கு ஸ்டெப்பு. எனக்கு மட்டும் வேஸ்ட்டு. அன்சாரி வாயில என்னத்தையாவது திணிக்கலாம்னு பாத்தேன், கையில பஃப்ஸ்தான் இருந்துச்சு, நானே தின்னேன்.

வாத்தியாருங்க ரெண்டுக்கு ரெண்டு, இன்னும் ஒரு ரவுண்டு. பக்கத்து நாற்காலி இழுபடுது. பாக்காமலே தெரியும், நாற்காலியைத் தூக்காம இழுக்கறது அவ ஒருத்திதான், ஒர்க்ஷாப் பழக்கம்.

"அண்ணே, டீ ஆறிப்போச்சு."

"ஆறட்டும். சூடாக் குடிச்சா குரல் போயிடும்."

"யாரு குரலு?"

"அன்னன்னிக்கு எவனோடதோ."

சிரிக்கறா. நல்ல சிரிப்பு, கஞ்சத்தனம் இல்லாத சிரிப்பு, போன ஆயுத பூஜைக்கு ஒர்க்ஷாப்ல நான் ப்ரோக்ராம் பண்ணினப்ப முன் வரிசையில உக்காந்து இதே சிரிப்புதான், மேலதிகாரி குரல்ல நான் லீவு லெட்டரைப் படிச்சேன், இவ கண்ணுல தண்ணி வந்துச்சு, அந்த ராத்திரி முழுக்க எனக்கு இவளைப் பிடிச்சிருந்துச்சு, பிடிச்சவங்க எடுத்துக்கிட்டாத்தான் இப்படி எரியுமோ என்னவோ.

"வெள்ளைக் கோட்டை நீங்க எடுத்துக்கங்கண்ணே. பிரிட்டோகிட்ட நான் சொல்லிக்கறேன். காப்பிப்பொடி எனக்கு, எதுவா இருந்தா என்ன."

எதுவா இருந்தா என்ன. அவளுக்கு எதுவா இருந்தாலும் ஒண்ணும் இல்ல. என்னோடதை எனக்கே தர்றா, வாங்கிக்கிட்டா அது அவ குடுத்ததாயிடும்.

"சட்டம் சட்டந்தாம்மா. மேல இருக்கறவங்களுக்குத்தான் வெள்ளை."

"உங்க எதுர அதைப் போட்டுக்கிட்டு ஆடறது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

"பாத்தா அப்படித் தெரியலயே. அளவெடுத்துத் தச்சுப் போட்ட மாதிரில்ல இருக்கு."

"நக்கலு." அவ கீழ் உதட்டைக் கடிச்சு விட்டா. "ஒண்ணு கேக்கவாண்ணே? தட்டைத் தூக்கின கையோட பின்னால ஒரு அடி வைக்கறீங்கல்ல. அது எதுக்கு?"

"நீ எதுக்கு வைக்கற?"

"நீங்க வைக்கறீங்கன்னுதான். வீட்ல உக்காந்து நூறு தடவை போட்டுப் பாத்தேன், ஒரு பிரயோஜனமும் தெரியல. எடுத்துட்டு ஆடினா தாளம் தப்பிப்போகுது, தட்டே சரியா விழமாட்டேங்குது. சரி, அண்ணன் வைக்கறாருன்னா ஏதோ காரணம் இருக்கும்னு அப்படியே வச்சுக்கிட்டேன்."

நாக்கு நுனியில துறையூரு வந்து நிக்குது. சொன்னா சிரிப்பா. சொல்லணும், சொல்றதுதான் ஞாயம், தொழில் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு பேசிக்கற பேச்சு அது.

"காரணம் இருக்கு."

"என்னது?"

"ஜெயிச்சாச் சொல்றேன்."

"யாரு ஜெயிச்சா?"

"நான்."

"அப்ப எனக்குத் தெரியவே தெரியாது"ன்னுட்டு எழுந்து தண்ணி குடிக்கப் போறா, நாற்காலியை இழுத்துக்கிட்டே, அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்றதுக்கு முன்னால அளவா ஒரு மூச்சு விட்டா, பாத்தீங்களா, அதுவும் என்னோடது, நான் குடுத்த எடத்துலயே குத்தறா.

டக் டக், டக். வெரலு இன்னும் நிக்கல. பிடிச்சு அமுக்கறேன், அமுக்கின கையோட சுண்டுவிரல் தனியா நிக்குது. இரு. இது நடுக்கம் இல்ல. நடுக்கத்துக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது. கீழ, முன்னால, நிறுத்து, இழு. கீழ, முன்னால, நிறுத்து, இழு. இது டேப்பு. டெய்லரம்மா டேப்பை வீசற கணக்கு இது, அந்த நிறுத்து டெய்லரம்மாவோடதுகூட இல்ல, அது ஜெசிந்தாவோடது, எல்லாரும் வீசின ஒடனே இழுத்துடுவாங்க, இவ ஒரு சிட்டிகை நிறுத்தி, எதிராளி தப்பிச்சோம்னு நெனைக்க விட்டு அப்புறம் இழுப்பா. பதினோரு வாரம் பக்கத்துல உக்காந்து அதைப் பாத்தேன், பயந்து பயந்து பாத்தேன், அப்புறம் நாலு மாசம் இவளையே பாத்துக்கிட்டிருக்கேன், தோள், உதடு, விரலு, பொண்டாட்டியைக்கூட நான் இவ்வளவு உத்துப் பாத்ததில்ல, பொறாமைப்படறவன் மாதிரிப் பாடம் படிக்கறவன் உலகத்துல கிடையாது. நான் படிச்சிருக்கேன். சாம்பார்த் தட்டுல, பஸ்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, தூங்கறதுக்கு முன்னால போர்வை மேல, நான் டெய்லரம்மாவை ஆடிக்கிட்டே இருந்திருக்கேன், எனக்கே சொல்லாம. ஒரு விஷயம் இருக்கு, அது எனக்கு மட்டுந்தான் தெரியும். அந்தப் பதினோரு வாரத்துல ஒரே ஒரு தடவை இவ டேப்பு என்னைப் பிடிச்சுச்சு, தட்டு விழுந்து நான் பின்னால அடி வச்சு நிக்கறேன், கை தொங்குது, வேற எவன் கையும் அவ்வளவு தூரம் எட்டாது, டேப்பு மட்டும் வந்து கணுக்கால்ல விழுந்துச்சு, அளந்து வச்ச மாதிரி. இவ அதைக் குருட்டாம்போக்குல வீசினது, ஏன் பட்டுச்சுன்னு இவளுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. மூணு வாரம் தூக்கம் இல்ல, கண்டுபிடிச்சுடுவாளோ கண்டுபிடிச்சுடுவாளோன்னு, கண்டுபிடிக்கறதுக்குள்ள டெய்லரம்மாவை விட்டுட்டு சர்வருக்கு வந்துட்டா. இப்ப அந்த அடியை இவ வைக்கறா. டேப்பு சும்மா கிடக்குது, யாரும் எடுக்கல, பதினெட்டுப் பேர்ல ஓரமா உக்காந்திருக்கா டெய்லரம்மா. எடுக்கலாமா. எடுத்தா சர்வரை அழிக்கணும், எங்கையால அழிக்கணும், அதான் இங்க சட்டம், வேற யாரும் அழிக்கமாட்டாங்க, ஒரு நாளைக்கு ஒரே தடவை. அழிச்சா இந்த ரூம்ல ஒரே சர்வர்தான் இருக்கும், அவ. அப்புறம் இலையைப் போடுங்கடான்னா யாருக்குன்னு சந்தேகமே வராது. அழிக்கலன்னா காப்பிப்பொடி, தோல்வி, அவ தர்ற கோட்டு. ஜெயிக்கணும்னா என்னை விடணும். என்னை வச்சுக்கணும்னா தோக்கணும். இதுல இன்னொண்ணு உறுத்துது, அவ கேட்டா, நான் சொல்லல, சொல்லாம அதுலயே அடிக்கப் போறேன், ஒரு பாடம் கேட்டு வந்தவளுக்குப் பாடத்துல இருந்த தப்பை மறைச்சு வச்சு, சீ, ஆனா அவ என்னைக் கேட்டுக்கிட்டா சர்வரை எடுத்தா, போர்டுல எழுதும்போது என் மூஞ்சியையாவது பாத்தாளா, பாத்தா, ஞாபகம் இருக்கு, பாத்துச் சிரிச்சா, அது மரியாதையாக்கூட இருந்திருக்கலாம், எனக்கு அன்னிக்கு அப்படித் தெரியல, இன்னிக்கும் தெரியக்கூடாது, தெரிஞ்சா கை வராது.

வாத்தியார் சார் வாத்தியார் சாரைத் தோக்கடிச்சுட்டு சாரி சார்ங்கறார். பிரிட்டோ கைதட்டறான். நான் எழுந்துட்டேன். எப்ப எழுந்தேன்னு தெரியல, போர்டு முன்னால நிக்கறேன், கையில கைக்குட்டை. சர்வர். பிரிட்டோவோட மார்க்கர்ல நான் எழுதின கையெழுத்து, 'ர்' புள்ளி மட்டும் பெருசா. ஒரே இழுப்பு. கொஞ்சம் கறுப்பு கைக்குட்டையில, கொஞ்சம் போர்டுலயே புகை மாதிரி. அது மேலயே எழுதறேன், டெய்லர்.

அன்சாரி கமென்ட்ரியை விட்டுட்டு எழுந்து வந்து போர்டைப் படிக்கறான், ஆறு வருஷத்துல மொத தடவை. தண்ணி டம்ளரோட அவ நிக்கறா, போர்டைப் பாக்கறா, என்னைப் பாக்கறா, உதட்டு ஓரத்துல ஒரு சிரிப்பு கிளம்பி பாதி வழியில நின்னுபோச்சு, கண்ணு சிரிப்புக்கு வரல, கை டம்ளரை எங்க வைக்கறதுன்னு தெரியாம காத்துல நிக்குது. எனக்குத் தெரியும் அந்த மூஞ்சி. நாலு மாசமா நான் அதை உள்ளாரயிருந்து போட்டுக்கிட்டிருக்கேன், வெளியிலருந்து இப்பத்தான் பாக்கறேன். இவ்வளவு அசிங்கமா இருக்கும்னு தெரியாது. இவ்வளவு அழகா இருக்கும்னும் தெரியாது.

"அண்ணே," அப்படிங்கறா, "அது என்னுது."

ஒரு மூச்சு விட்டேன். இடது தோள் தானா ஏறுச்சு, கீழ் உதட்டைக் கடிச்சு விட்டேன், அவ குரல்லயே, அந்தத் தொண்டைக்கரகரப்போட, சொன்னேன்: "விட்டுட்டுப் போனாங்க, ஏதோ காரணம் இருக்கும்னு அப்படியே வச்சுக்கிட்டேன்."

ரூமே வெடிச்சுச்சு. பிரிட்டோ முழங்கால்ல அடிச்சுக்கறான், தோத்த வாத்தியார்கூட சிரிக்கறார், நாலு மாசம் கழிச்சு எனக்குன்னு ஒரு சிரிப்பு, சுவத்துல பட்டுத் திரும்பி வருது, நான் அதுல குளிக்கறேன், அவ மட்டும் சிரிக்கல. அவ என் மூஞ்சியைப் பாக்கல. கீழ பாத்துக்கிட்டிருந்தா. அவ எதைப் பாக்கறான்னு நானும் கீழ பாத்தேன். என் வலது கால் அரை அடி பின்னால போய் நின்னுக்கிட்டிருக்கு. இடது கால் கூடவே போறதுக்குக் கெளம்பிக்கிட்டிருக்கு.

அவ கண்ணு கால்லருந்து மெதுவா என் வாய்க்கு வந்துச்சு, வாய்லருந்து முன்னால வெறும் காத்துக்கு, அங்க ஒண்ணும் இல்ல, ஆனா அங்க என்ன இருக்கணும்னு அவ பாத்திருக்கா, ஆயுத பூஜைக்கு முன் வரிசையில உக்காந்து ரெண்டு மணி நேரம் பாத்திருக்கா. டம்ளரை மேசையில வச்சா. சிரிப்பு ஓயட்டும்னு நின்னா. ஓஞ்சுது. அதுக்கப்புறமும் ஒரு மூச்சு நின்னா.

"அண்ணே," அப்படிங்கறா, "இங்க மைக் இல்ல."

பிரிட்டோ மார்க்கரை மூடிப் பைக்குள்ள போட்டுட்டான், இனி போர்டுல கைவைக்க விடமாட்டான், நான் போய் உக்காந்து டெய்லரம்மாவை எடுக்கறேன், பக்கத்துல நாற்காலி இழுபடுது, திரையில வெள்ளைக் கோட்டு வந்து தட்டோட நிக்குது, காரணம் அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே அது பின்னால அடி வைக்காது, அதுகூட இல்ல இப்ப என் மண்டைக்குள்ள ஓடறது, எனக்கு விழுந்த சிரிப்பு சுவத்துல பட்டுத்தான் திரும்புச்சு, அவளுக்கு விழுந்தது ஜாக்கெட் பிட் கடை வரைக்கும் எறங்கிப் போய், கீழருந்து யாரோ என்னய்யா அங்கன்னு கேக்கறாங்க.